இதழினிக்கு இந்த வாரப் பாடம்

மூன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் கிடையாது. யாருக்கு எது சீக்கிரம் தேவைப்படுமோ, அதைப் பள்ளிக்கூடமே கணித்து வாராவாரம் நடத்தும். எதிர்வீட்டு ஹர்ஷனுக்குத் திடீரென்று தெலுங்கு எழுத்து நடத்தினார்கள். அடுத்த மாதமே அவன் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஞாயிறு மாலை இதழினியின் பாடம் அம்மா சுகந்தியின் போனில் வந்தது. தனக்குத்தானே தலை பின்னிக்கொள்வது. கேஸ் அடுப்பைப் பத்திரமாக அணைப்பது. இரண்டு பேருக்குச் சாதம் வடிப்பது.

வீட்டில் இருப்பது மூன்று பேர். சுகந்தி போனைக் கணவனிடம் நீட்டினாள். "உங்களுக்கு நெஞ்சு வலின்னீங்களே?"

"அது வெறும் வாயு" என்றான் பெருமாள். "நீ ஸ்கேன் எடுத்தியே, ரிசல்ட் வந்துச்சா?"

"இன்னும் வரல."

அந்த வாரம் முழுக்க இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்த இதழினி, "இன்னைக்குக் காபி போடக் கத்துக்கிட்டேன்" என்று சமையலறைக்குள் போனாள். அடுப்பு பற்றும் சத்தத்தைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரே ஒரு டம்ளருடன் வந்தாள்.

"உங்களுக்குத்தாம்பா. சர்க்கரையே போடல."

சர்க்கரை நோய்க்காரன் அவன்தான். டம்ளரை வாங்காமலே கேட்டான்.

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு எப்படிப் போடணும்னு மிஸ் சொல்லித் தரலியே."

சுகந்தி எழுந்துபோய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

"மிஸ் சொல்லித் தராட்டி என்ன? நான் சொல்லித் தரேன், வா. எனக்கு ரெண்டு ஸ்பூன்."