கடைசி வரி வரைக்கும்

தொழிற்சாலையின் முதலுதவி அறையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். நர்ஸ் ஜெபமணி. வருடாந்திரக் கண் பரிசோதனைக்கு வந்திருந்த லைன் சூப்பர்வைசர் புருஷோத்தமன். மூலையில், கவிழ்த்த அட்டையொன்றை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண் பேச்சி.

"இன்னா சிஸ்டர், பெயிண்டு நாத்தம் மூக்கத் தொளைக்குது?"

"காலையிலதான் சார் அடிச்சாங்க. ஆடிட் வருதில்ல."

"சட்டுனு முடிம்மா. அங்க லைன் நின்னுகினு கீது." பேசிக்கொண்டே முகத்துக்கு முன்னால் கையை வீசிக் கொசுவை விரட்டினார். ஏசி ஓடும் அந்த அறையில் கொசு கிடையாது.

ஜெபமணிக்கு அந்தக் கைவீச்சு தெரியும். அவள் புருஷன் சூசைராஜும் ஒரு மாதம் அப்படித்தான் விரட்டினான். சர்க்கரை ஏறி ஏறி, விழிக்குப் பின்னால் ரத்தக்குழாய் கசிந்து, கண்ணுக்குள் மிதந்த கறுப்புப் புள்ளிகள் அவை. வலி துளியும் இல்லை. உடனே லேசர் வைத்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

சூசைராஜ் இதே புருஷோத்தமனிடம்தான் மூன்று தடவை லீவு கேட்டான். மூன்று தடவையும் ஒரே பதில்: "கண்ணு நல்லாத்தான் கீது, போய் ஓவர்டைம் பாரு." பார்வை போனதும் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியதும் இவர்தான். இப்போது வடக்குப்பட்டு வாடகை வீட்டில் அவன் தட்டைத் தடவித் தடவிச் சோறு தின்கிறான்.

ஜெபமணி இந்த நாளுக்காக இரண்டு வருடம் காத்திருந்தாள். பரிசோதனையில் தேறாதவரை அன்றே லைனிலிருந்து இறக்கி, கம்பெனி வேனிலேயே கண் மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். சூசைராஜுக்குப் பிறகு வந்த விதி அது. வேன் புருஷோத்தமனுக்கு ஒரு பொருட்டே இல்லை. லைனை விட்டு இறங்குவதுதான் பயம்.

"சுகர் எவ்ளோ சார்?"

"அதெல்லாம் கண்ட்ரோல்ல கீது. நீ கண்ணப் பாரு."

அவரைப் பிடிப்பது லேசில்லை. ஒன்பது வருடமாக இந்த அறைக்கு ஒரே எழுத்து அட்டை. வேலைக்குச் சேர்ந்த வாரமே கேன்டீனில் டீ குடித்தபடி அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கும்.

"மஞ்சக் கோட்டுல நில்லுங்க சார். இடது கண்ண மூடிக்கங்க."

புருஷோத்தமன் நின்றார். எதிர்ச் சுவரை நோக்கித் தலையை நிமிர்த்தினார்.

"ட, ப, ம. ர, ய, க, ந..." மூச்சுவிடாமல் கடைசி வரி வரைக்கும். கண்ணை மாற்றி மூடிக்கொண்டு மறுபடியும். ஓர் எழுத்து பிசகவில்லை.

மூலையில் பேச்சியின் கைத்துணி அப்படியே நின்றது. ஜெபமணி சுவர்ப் பக்கம் திரும்பவேயில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா, இல்ல பின்னாலருந்து சொல்லட்டா?" புருஷோத்தமன் சிரித்தார். "என்னையும் உன் வூட்டுக்காரன் மாதிரின்னு நெனச்சிட்டியா?"

"இல்ல சார்." தாளில் 'ஃபிட்' என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. போய் ஓவர்டைம் பாருங்க."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் வெளியேறினார். போகிற போக்கில் தோள் கதவு நிலையில் இடித்தது.

ஜெபமணி கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.

பேச்சி மடியிலிருந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"யக்கா, சுவரு காஞ்சிட்டு. இந்த எழுத்து அட்டைய இப்ப மாட்டிரவா?"