உயிருக்குப் பயந்து

"கழுத்தை நெரிச்சாரு சார். உயிருக்குப் பயந்துதான், கைக்குக் கிடைச்ச இரும்புச் சட்டியால அடிச்சேன்" என்றாள், அன்றுதான் ஜாமீனில் வெளியே வந்திருந்தவள்.

வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

"புருஷன் மண்டை உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்காருன்னு சொல்றீங்க. அவர் கையில ஆயுதம் இல்ல, பார்த்த சாட்சியும் இல்ல. தற்காப்புன்னா எந்த ஜட்ஜு நம்புவாரும்மா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வருஷம் நம்பினாங்களே! வெறுங்கையோட நின்ன காய்கறிக்காரரைச் சுட்டுட்டு, உயிருக்குப் பயந்து சுட்டேன்னு ஒரு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. நீங்கதானே வாதாடி விடுதலை வாங்கித் தந்தீங்க?"

"அது போலீஸ்காரர் கேஸும்மா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஆஸ்பத்திரியில கிடக்கறது அதே இன்ஸ்பெக்டர்தான் சார். அன்னைக்கு அவருக்காகப் பேசினதை அப்படியே எனக்காகப் பேசுங்க, போதும்!"