எகிப்து ராஜாவுக்கு எக்ஸ்ரே

ஷாலினி மேடம் பையிலிருந்து எக்ஸ்ரே மெஷினை வெளியே எடுத்ததுமே மனோகர் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் இருந்த அந்தச் சின்ன மியூசியத்துக்கு மனோகர்தான் பொறுப்பாளர். மைன்ஸில் வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் எகிப்திலிருந்து அள்ளிவந்த சாமான்கள் அங்கே இருந்தன. நடுவில் ஒரு மம்மி. எது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கத்தான் பெங்களூரிலிருந்து மேடம் வந்திருந்தார்.

மம்மி எங்கிருந்து வந்தது என்று மனோகருக்கு நன்றாகவே தெரியும். அசல் ராஜாவைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. வேலை போய்விடுமே என்று, கொரோனாவுக்கு முந்தின வருஷம், வைக்கோலைத் திணித்து, மாவுக்கட்டுப் போட்டு, டீத்தண்ணியில் நிறமேற்றி, அவரே ஒரு ராஜாவைச் செய்து படுக்கவைத்துவிட்டார். பென்ஷன் வாங்குகிற வயசில் கம்பி எண்ணவா, கடவுளே!

"மெஷின் இன்னாத்துக்கு மேடம்? மூஞ்சியப் பாத்தாலே ராஜ களை தெரியுதே!"

"கட்டைப் பிரிக்காமலே உள்ளே பார்த்துடலாம் சார்."

யசோதா ஒரு ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பாவம். அவள் புருஷன் நெடுஞ்செழியன், மைன்ஸ் மூடியதும் இங்கே காவலுக்கு வந்தவன். குடித்துவிட்டு இவளை அடிக்காத நாள் கிடையாது. ஊரடங்கில், பஸ்ஸே ஓடாத நேரத்தில், எவளோடோ ஓடிப்போன மகாராஜன்! இரக்கப்பட்டு அவன் வேலையை இவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் மனோகர்தான்.

விசுவாசமானவள். மியூசியம் பூட்டிக் கிடந்த மாதங்களில்கூட தினமும் வந்து பினாயில் ஊற்றிக் கழுவினாள். இன்றைக்கும் ராஜா தலைமாட்டில் பூ வைக்காமல் விளக்குமாற்றைத் தொடமாட்டாள். வைக்கோலுக்குப் பூவா என்று மனோகர் மனசுக்குள் சிரித்துக்கொள்வார்.

மெஷின் 'பீப்' என்றது. மேடம் திரையையே உற்றுப் பார்த்தார்.

மனோகர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "மேடம், நான் புள்ளகுட்டிக்காரன்..."

"என்ன சார் நீங்க! போலியாத்தான் இருக்கும்னு நெனச்சு வந்தேன். முழு எலும்புக்கூடு இருக்கு! கங்கிராட்ஸ்!"

மனோகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடி போனது. எலும்பா? அவர் அடைத்தது வைக்கோலாயிற்றே!

"நெஞ்சுப் பக்கம் இன்னொரு படம் எடுத்துடறேன்" என்று மேடம் மெஷினை நகர்த்தினார்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு யசோதா குறுக்கே வந்து நின்றாள்.

"போதும், வுடுங்க மேடம். மைன்ஸுல இருந்த காலத்துலேருந்தே அவருக்கு எக்ஸ்ரேன்னா பயம்."