வெதுவெதுப்பான ஏரி

ஒரு தீவில் கிழட்டு எரிமலை ஒன்று இருந்தது. நெருப்பு அடங்கி வெகுகாலம் ஆகியிருந்ததால், அதன் வாயில் மழைத்தண்ணீர் தேங்கி ஏரியாகியிருந்தது. அந்த ஏரியில் ஒரு முக்குளிப்பான் பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது.

எரிமலைக்குப் பேச்சுத்துணை அதுதான். "நான் கனைச்சா கடலே கொதிக்கும். இந்தத் தீவே நான் கக்கிப் போட்டதுதான், தெரியுமா?" என்று ஆரம்பித்து, "அந்த நாள் இனி எங்கே வரப்போகுது!" என்று பெருமூச்சோடு முடிக்கும்.

ஒரு காலையில் அடிவயிறு குமுறியது. மறந்தே போயிருந்த சூடு மேலே ஏற ஏற, எரிமலைக்கு உடம்பெல்லாம் இனித்தது. ஒரே ஒரு மூச்சு விட்டால் போதும், வானம் சிவந்துவிடும்.

"என்னண்ணே, குலுங்குது?" என்றது முக்குளிப்பான்.

"குஞ்சுகளோட பறந்துடு, தாயி."

"அதுங்களுக்கு இன்னும் றெக்கையே முளைக்கலையே!"

தாயின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த குஞ்சுகளை எரிமலை பார்த்தது. தொண்டையை இறுக்கிக்கொண்டது. நெருப்பு முட்டி மோதியது. வழி கிடைக்காமல், கடைசியில் எரிமலையின் விலாவைப் பிளந்துகொண்டு வெளியே பாய்ந்தது. வெறும் பாறைச் சரிவில் இறங்கிக் கடலில் விழுந்து, ஆவி பறக்க, கறுப்பு நிலமாக உறைந்தது.

சாயங்காலம் குலுக்கல் நின்றது. குஞ்சுகள் கூட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் நீந்திக்கொண்டிருந்தன.

"தண்ணி ஏண்ணே வெதுவெதுன்னு இருக்கு?" என்றது முக்குளிப்பான்.

பிளந்த விலா விண்விண்ணென்று வலித்தது.

"ஒண்ணுமில்ல, தாயி. பழைய ஞாபகம்" என்றது எரிமலை.