நீல ஸ்பிரிங்

மதிய லுஹர் தொழுகை முடிந்து வந்து ஹாஷிம் நாநா கடைக் கதவைத் திறந்தபோது, ரமேஸ் வாசலிலேயே காத்து நின்றான். வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி, காருக்கு மெத்தென்ற ஸ்பிரிங் வேண்டும் என்றான்.

மாத்தளையில் ஜப்பான் கார்களின் பழைய உதிரிப்பாகம் என்றால் ஹாஷிம் நாநாவிடம்தான் வருவார்கள். உள்ளே போய் இரண்டு செட் எடுத்து வந்து சிமெந்துத் தரையில் நிறுத்தினார். ஒன்று சிவப்பு, குட்டை, தடித்த கம்பி. மற்றது நீலம், கொஞ்சம் உயரம்.

"கைய வச்சு அமத்திப் பாருங்க தம்பி."

ரமேஸ் உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கினான். சிவப்பு அசையவில்லை. நீலம் இறங்கிக் கொடுத்தது.

எதை எடுக்க வேண்டும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் கராஜில் வேலை செய்தவன் அவன். பந்தயத்தில் கார் வளைவில் சாயாமல் நிற்க வேண்டும். சிவப்புத்தான் நிறுத்தும்.

"நீலம் குடுங்க நாநா."

நாநா நிமிர்ந்து பார்த்தார். "ஞாயித்துக்கெழம நாவுலயில கார் ஓட்டம்னு சொன்னாங்களே. இதப் பூட்டினா வளைவுல கார் வள்ளம் மாதிரி சாயும்."

"ஆபத்தா?"

"ஆபத்து ஒன்னுமில்ல. முந்த ஏலாது, அவ்வளவுதான். பல்லேகமப் பக்கம் மலை ரோட்டுல மழையில ஏறி எறங்குற ஆளுங்கதான் இதக் கேட்டு வருவாங்க."

முந்த ஏலாது. ரமேஸுக்கு வேண்டியது அதுதான்.

நிரோஜாவுக்கு இடுப்பில் ஒரு வலியும் இல்லை. கிழமை நாட்களில் அந்தக் காரில் உக்குவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போவாள். பந்தய நாளில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு அதே காரை ஓட்டுகிறவளும் அவள்தான். இந்த முறை முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் பந்தயத்தையே விட்டுவிடுவதாக அவளாகச் சொல்லியிருந்தாள். சொன்னால் மாற மாட்டாள்.

பயத்தில் செய்கிறேன் என்றுதான் ரமேஸ் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். போன முறை கார் ஒரு வளைவில் சுழன்று நின்றபோது அவன் வேலியைத் தாண்டி ஓடியது பொய்யில்லை. ஆனால் அலுவிகாரைத் தேத்தண்ணிக் கடையில் ஒருவன் கேட்டது அதைவிட ஆழமாக இறங்கியிருந்தது.

"பொஞ்சாதி கார் ஓட்டுது, நீ டயர் உருட்டுறியாமே?"

கடையே சிரித்தது. ரமேஸும் கூடச் சிரித்துவிட்டு வந்தான்.

ஸ்பிரிங் பார்த்து எடுக்கும் வேலையை நிரோஜா அவனிடமே விட்டிருந்தாள். பள்ளிக்கூட ரோட்டுக்கும் ஒத்துவர வேண்டும், பந்தயத்துக்கும் ஒத்துவர வேண்டும், தனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும் என்றாள்.

அன்று சாயங்காலமே பூட்டிக் கொடுத்தான். அவள் கீழ் வளைவு வரை போய்த் திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினாள்.

"கொஞ்சம் சாயுதுங்க."

அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"சரி. நீங்க காரணமில்லாம எடுக்க மாட்டீங்க," என்று இறங்கித் தேத்தண்ணி போடப் போனாள்.

அந்தத் தேத்தண்ணியை அவன் பாதியிலேயே வைத்துவிட்டான். கழற்றி மாற்ற நாள் இருந்தது. மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாவுலயில் வெயில் கொளுத்தியது. ஆடி பிறந்து அங்கே ஒரு சொட்டு மழை விழுந்திருக்கவில்லை. மற்றவர்களின் கார்கள் தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடந்தன. அவளுடையது மட்டும் நிமிர்ந்து நின்றது. டீச்சருக்கு இன்றைக்கும் பள்ளிக்கூடமா என்று பக்கத்துக் கார்க்காரன் சிங்களத்தில் கேட்டான். நிரோஜா சிரித்தாள். ரமேஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

பயிற்சிச் சுற்றில் அவள் கடைசிக்கு முந்தின இடம்.

கொடி விழும் முன் அவன் அவள் ஜன்னலருகே போனான். "நிரோ..."

"என்னங்க?"

"ஒன்னுமில்ல. பாத்துப் போ."

ஓட்டம் பாதியில் இருக்கும்போது மலைப்பக்கம் கறுத்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. மழை சொல்லிக்கொண்டு வரவில்லை, ஒரேயடியாகக் கொட்டியது.

முன்னால் போன கார் வழுக்கிப் புல்லுக்குள் போனது. அதன் பின்னால் வந்ததும் அப்படியே. அவற்றின் இறுகிய ஸ்பிரிங் நனைந்த தாரில் டயரைப் பதிய விடவில்லை. நிரோஜாவின் கார் வளைவுக்கு வளைவு வள்ளம் போலச் சாய்ந்தது. சாய்ந்து, தாரைக் கவ்விக்கொண்டு, திரும்பியது.

ரமேஸ் கம்பி வேலியை இறுகப் பிடித்தபடி நனைந்து நின்றான். எதற்காக வேண்டிக்கொள்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள்தான் முதலில் வந்தாள்.

தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு மழையோடு மழையாக அவனிடம் ஓடி வந்தாள். கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் இழுத்துக்கொண்டு போய், இவர் எடுத்துக் கொடுத்த ஸ்பிரிங் இது என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னாள். காலையில் கேலி செய்த கார்க்காரன் வந்து ரமேஸின் தோளைத் தட்டினான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் தண்ணீர், கண்ணெல்லாம் சிரிப்பு.

"இன்னிக்கு மழை வரும்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சிச்சு?"