நாலாவது வரிசைக் கட்டை

மேனேஜர் தண்ணீர் டம்ளரைக் காலர் அக்கா பக்கம் தள்ளி வைத்தார்.

"முதல்ல ஒரு வாய் குடிங்க. அப்புறம் பேசலாம்."

அக்கா டம்ளரைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். குடிக்கவில்லை.

அக்காவுக்குப் பெயர் என்னவோ இருக்கிறது. பத்து வருஷமாக அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துத் தைத்து அதுவே பெயராகிவிட்டது. அவள் தைத்த காலர் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவள் இன்று காலையில் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டாள்.

மேனேஜர் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பதினான்கு பேர் போயாயிற்று. பதினைந்தாவதாக ஒருத்தர் போனால் பதினாறாவது நீங்கள்தான் என்று தலைமை அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களை மட்டும் நம்பக் கூடாது, செய்துவிடுவார்கள்.

போனவர்கள் காரணமாவது சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை. பதினான்கு பேரும் 'சொந்தக் காரணம்' என்று, பரீட்சையில் காப்பியடித்த மாதிரி எழுதிவிட்டுப் போனார்கள்.

பாவம், மனுஷன் என்ன குறை வைத்தார்? சுவருக்கெல்லாம் இளம்பச்சை அடித்தார். மின்விசிறிகளை மாற்றினார். வரிசைக்கு வரிசை குளிர்ந்த தண்ணீர் மெஷின் வைத்தார். வந்த முதல் வாரமே, எட்டு வரிசைக்கு எட்டு மரக்கட்டை வேண்டும் என்று சூப்பர்வைசர் எழுதி அனுப்பியபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். மேஜைக்கு முட்டுக் கொடுக்கக் கேட்கிறார்கள் போலிருக்கிறது, மெஷின் ஆடாமல் இருந்தால் நல்லதுதானே.

தண்ணீர் மெஷின் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். வைத்த கேன் வைத்தபடியே இருந்தது. யாரும் தொடுவதில்லை. 'கழுதைக்குத் தெரியுமா சார் கற்பூர வாசனை' என்றார் சூப்பர்வைசர். அப்படிப் பேசுவது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு ஆமாம் போட்டுக்கொண்டார்.

இப்போது அவர் அக்காவுக்கு ஜன்னலோர மெஷினைத் தருவதாகச் சொன்னார். சனிக்கிழமை அரை நாள் போதும் என்றார். சம்பள உயர்வுக்கும் தலைமை அலுவலகத்துக்குத் தாமே எழுதுவதாகச் சொன்னார்.

அக்கா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் "இருங்க, இருங்க" என்று உட்கார வைத்தார்.

மடியில் எதையோ இரண்டு கையாலும் பொத்தி வைத்திருந்தாள். ஃபோனாக இருக்கும். வேறு கம்பெனிக்காரன் கூப்பிடுவான் என்று காத்திருக்கிறாளோ என்னவோ. அவருக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அதனால் இன்னும் கொஞ்சம் பேசினார்.

இருபது நிமிஷம் போனது. சொல்வதற்கு அவரிடம் இனி ஒன்றும் பாக்கி இல்லை.

அப்போது அக்கா டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு ஜக்கைப் பார்த்தாள். மேனேஜரே ஊற்றினார். அதையும் குடித்தாள். மூன்றாவது டம்ளரையும் குடித்தாள்.

மேனேஜருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் யாராவது இவ்வளவு நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்களா? மனசு மாறிவிட்டாள், வேறென்ன.

"அப்போ லெட்டரைக் கிழிச்சிடட்டுமா?"

"வேண்டாம் சார். திரும்ப மெஷின்ல உட்காரப் போறேன்னா ஒரு சொட்டுக்கூடக் குடிச்சிருக்க மாட்டேன்." அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். "கிட்னியில கல்லு. தினமும் மூணு லிட்டர் குடிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க இருந்துக்கிட்டு அது முடியாது."

அவருக்குப் புரியவில்லை.

அக்கா மடியிலிருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஃபோன் இல்லை. சோப்புக்கட்டி அளவில் ஒரு மரக்கட்டை. நடுவில் சிவப்புப் பெயின்ட்டில் 4 என்று போட்டிருந்தது. பல கை பட்டு விளிம்பெல்லாம் வழவழப்பாகியிருந்தது.

"பாத்ரூம் கட்டை சார். வரிசைக்கு ஒண்ணு. இது கையில இருந்தாத்தான் சீட்டை விட்டு எழுந்திரிக்க முடியும், உங்களைப் பார்க்க வர்றதுக்கும் இதேதான். இதை நான் எடுத்துட்டு வந்ததால கீழ முப்பது பேரு அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கொஞ்சம் அவங்ககிட்ட குடுத்துடுங்க. நான் இப்படியே கேட் வழியா வெளியே போறேன்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மேனேஜர் கட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் அதே சிவப்பில் எழுத்து இருந்தது. 'மேனேஜர் உத்தரவுப்படி.'

பதினான்கு பேரும் தம்மிடம் எதையும் சொல்லாமல் போனது ஏன் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கீழே நாலாவது வரிசைத் தண்ணீர் மெஷினில் கேன் நிறைந்தபடியே இருந்தது. அவர் பக்கத்தில் போனதும் தையல் சத்தம் நின்றது. முப்பது பேரும் நிமிர்ந்தார்கள்.

ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்கள்.