கடைசி பட்டன்

ஆஸ்பத்திரி பில் கவுண்டருக்கு ஓர் இன்ஜினியர் வந்தார். எத்தனை தடவை பட்டனைத் தட்டுகிறார்கள், கை எத்தனை தடவை மவுசுக்குப் போய்வருகிறது என்று எண்ணி, பழகிய கைக்கு எவ்வளவு நேரமாகும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவார். கவுண்டரில் பில் போடும் ரெஜினாம்மாவின் கை அவர் சொன்ன நேரத்துக்கே முடித்தது. ஸ்ட்ரெச்சரை ஓரமாக நிறுத்திவிட்டு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவர்களின் கணக்கை முடிக்கும்போது மட்டும் ரெஜினாம்மா பிந்தினார்.

“கடைசி பட்டனுக்கு முன்னாடி ஏன் மேடம் நிக்கிறீங்க?” என்று கேட்டார் இன்ஜினியர்.

“எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியப் பாப்பேன் சார். சில பேருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

“அது உங்க வேலையில்லயே மேடம்.”

அடுத்த வாரம் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டார்கள். இன்ஜினியர் போட்ட நேரம் முடிந்ததும், கடைசி பட்டனைத் தட்டாமலே அதுவே கணக்கை முடித்துச் சீட்டை வெளியே தள்ளும்.

இன்று ஒருவர், மனைவிக்கு வாங்கிய இளநீரோடு வந்து நின்றார். அந்த அம்மாவைப் பிணவறையில் விட்டுவிட்டு அப்போதுதான் நான் திரும்பியிருந்தேன்.

“பில் கட்டிட்டு வரச் சொன்னாங்கம்மா. அவளுக்கு இளநி குடுக்கலாமில்ல?”

ரெஜினாம்மா நிமிர்வதற்குள் சீட்டு வரத் தொடங்கியது. எட்டி, பிரிண்டரின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். தாள் நிற்கவில்லை, கைக்கடியில் மடங்கி மடங்கி வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கே விரலிடுக்கில் ‘இறப்’ வரைக்கும் தெரிந்துவிட்டது.

“எங்க சீட்டுதானம்மா? குடுங்க,” என்று அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடி ஓட்டைக்குள் கையை நீட்டினார்.